காரணம் தெரியாத இடத்திலும் அவர் நல்லவர்

"எல்லாம் நன்மைக்கே அக்கா" என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் கெட்ட மனதோடு அதைச் சொல்லவில்லை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த வாரத்தில் வீட்டுக்கு வந்த எல்லாரும் எங்களை நேசிக்கிறவர்கள். ஆனால் ஆளுக்கொரு காரணத்தையும் கொண்டுவந்தார்கள். ஒருவர் இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார். இன்னொருவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். வேறொருவர், இதை வைத்து ஆண்டவர் உங்களைப் பெரிய ஊழியத்துக்கு எடுக்கப்போகிறார் என்றார். எல்லாரும் போன பிறகு இவர் கட்டிலில் படுத்தபடி என்னைக் கேட்டார்: "எனக்கு ஒரு காரணமும் தெரியேல்லையே. தெரியாமல் நான் எப்பிடி ஜெபிக்கிறது?"

மருத்துவக் காரணம் கேட்டால் சொல்லலாம். வருடக்கணக்காக இருந்த நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்தான் காரணம். உலகத்தில் சிறுநீரகங்களை அதிகமாகக் கெடுப்பவை இந்த இரண்டும்தான். அதற்கு மேலே இருக்கிற "ஏன்" எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே ஆண்டவருடைய நோக்கம் நல்லது என்று நம்பி ஒவ்வொரு நாளையும் கடக்க முடியும் என்பதுதான் நாங்கள் படித்தது. எது அதற்கு உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன். இதே பாதையில் இருக்கிற குடும்பங்களுக்கும் அவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

இவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் திருக்கடலூர், பள்ளத்தோட்டம், சல்லி என்று கரையோரத்தில் படகு வைத்திருக்கிற பலர் இவரைத்தான் தேடி வருவார்கள். டயாலிசிஸுக்காக, அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காக, இவருடைய இடது முன்கையில் ஃபிஸ்டுலா செய்தார்கள். நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைக்கிற சிறிய சத்திரசிகிச்சை அது. நாளம் தடித்துப் பருத்த பிறகுதான் அதில் ஊசி ஏற்றலாம். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை கழுத்தில் ஒரு குழாய். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் சரிந்து படுக்கக் கூடாது. காலையில் எழும்பியதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இரைவது போல ஒரு அதிர்வு தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு கரையேறிய மனிதர் இப்போது தண்ணீர் வாளியைக்கூட வலது கையால்தான் தூக்குகிறார்.

இது நடந்தது 2022இல். எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம். எங்கள் கரையில் சிறிய படகுகளுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு, கிடைத்தவர்களும் கடலுக்குப் போக யோசித்தார்கள். ஓடாத எஞ்சினுக்குத் திருத்த வேலை வராது. நோயும் வேலையின்மையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வந்தன.

ரோமர் 8:28 எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." கலியாணத்துக்கு யாரோ கண்ணாடி போட்டுத் தந்த படச்சட்டம். அந்த நாட்களில் எனக்கு உண்மையாகவே உதவியது, அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடாமல் அதிகாரம் முழுவதையும் ஆறுதலாக வாசித்ததுதான். 28ஆம் வசனத்துக்கு முன்னால் எவ்வளவு தவிப்பு இருக்கிறது என்று அதுவரை நான் கவனித்ததில்லை. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது. விசுவாசிகளும் உள்ளுக்குள் தவிக்கிறார்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாத நமக்காக ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார். அந்தத் தெரியாதவர்களின் கூட்டத்தில் பவுல் தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். இவர் கேட்ட கேள்விக்கான பதில் எங்கள் சுவரில் தொங்கிய வசனத்துக்கு இரண்டு வசனம் மேலே இருந்தது. அதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிரவு இவர் செய்த ஜெபத்தில் வார்த்தையே இருக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வசனமும் முக்கியம். அந்த "நன்மை" எது என்று 29ஆம் வசனம் சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு நாம் ஒப்பாவது. கடை திரும்பத் திறக்கும், இழந்த பணம் இரட்டிப்பாக வரும் என்று அங்கே எழுதியில்லை. இன்னும் கீழே போனால் உபத்திரவம், வியாகுலம், பசி, பட்டயம் என்று ஒரு வரிசை வருகிறது. அவை வராது என்று பவுல் சொல்லவில்லை. கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க அவற்றால் முடியாது என்கிறார். எனவே நோயாளிக்கு இந்த அதிகாரத்தை வாசிப்பதானால் 18ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை வாசியுங்கள். நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அது மருந்தாக இறங்காது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆண்டவர் நன்மைக்கு ஏதுவாக்குகிறார் என்பதால் நடந்த தீமை நல்லதாகிவிடாது. சிலுவையே அதற்குச் சாட்சி. அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு ஒரே வசனத்தில் இரண்டையும் வைக்கிறார்: இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவனுடைய நிர்ணயத்தின்படி, அவரைக் கொன்றது அக்கிரமக்காரருடைய கை. அக்கிரமம் அக்கிரமமாகவே இருக்கிறது, தேவனோ அதற்கும் மேலாக வேலை செய்கிறார். யோசேப்பும் தன்னை விற்ற அண்ணன்மாரிடம் "நீங்கள் செய்தது நல்லது" என்று சொல்லவில்லை. தீமை செய்ய நினைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறார்.

நம்முடைய ஊரில் இதைச் சொல்லத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மசுக்கு அடுத்த நாள் கடல் ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்து சில நாட்களுக்குள்ளேயே "இது யாருடைய பாவத்துக்கு வந்த தண்டனை" என்ற பேச்சும் வந்துவிட்டது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயின் காதிலும் அது விழுந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றி இயேசு என்ன சொன்னார்? எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்றார். பிறவிக் குருடனைக் கண்டபோதும் சீஷர்கள் யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். தேவனுடைய கிரியை வெளிப்பட என்று ஒரு நோக்கத்தையும் சொன்னார், உண்மைதான். ஆனால் சொன்னவர் அவர், சொன்ன கையோடு கண்ணையும் திறந்தவர். அந்த அதிகாரம் எனக்கும் உங்களுக்கும் இல்லை. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

அப்புறம் புலம்பல். நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். பாட்டும் துதியும் நிறைந்த ஆராதனையில் வளர்ந்தவர்களுக்கு, ஆண்டவரிடம் முறையிடுவது மரியாதைக் குறைவு மாதிரித் தோன்றும். ஆனால் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதம் வேதத்துக்குள்தான் இருக்கிறது. 88ஆம் சங்கீதம் அதையும் தாண்டியது. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு வெளிச்சம் இல்லை. டயாலிசிஸ் முடிந்து வந்து உடம்பு அடித்துப்போட்டது போலக் கிடக்கிற மாலைகளில் இவர் கேட்டது அந்தச் சங்கீதத்தைத்தான். துதிப் பாட்டைக் கேட்க முடியாத நாளில் இதைக் கேட்க முடிந்தது. யாரிடம் முறையிடுகிறோமோ அவர் கேட்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுவான். ஆகவே அழுகிற நோயாளியிடம் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். இறந்துபோன லாசரு உயிரோடு எழும்பப் போகிறான் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார்.

நம்பிக்கையும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வெளியூரிலிருந்து ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் இயந்திரத்தை விட்டுவிடலாம் என்று இவரிடம் சொன்னார். இவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த முறைக்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சுகத்துக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், இன்றைக்கும் ஜெபிக்கிறோம். ஆனால் சிறுநீரகம் முற்றாக நின்றுபோனவர் டயாலிசிஸை விட்டால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டலாம். பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாகவே விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தன் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொன்ன பாடு நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலைத்தான் பெற்றுக்கொண்டார். இவர்கள் யாரையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்து வீட்டு நோயாளியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் சொந்தமாகிவிடுவார். எங்களுக்கு அப்படிக் கிடைத்தவர் சம்பூரைச் சேர்ந்த ஒரு அம்மா. 2006இல் சண்டையால் ஊரைவிட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர். சம்பூர்க் காணிகள் 2015இலும் 2016இலும் விடுபட்ட பிறகுதான் திரும்பிப் போனார். பத்திரகாளி அம்மன் பக்தை, நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் நான் எரேமியா 29ஆம் அதிகாரத்தை இவருக்கு மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். உங்களைப் பற்றி நான் நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வாக்கு. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது ஆருக்குச் சொன்னது மகள்?" என்றார். ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்கு, 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்றும் அதிலே எழுதியிருக்கிறது என்றேன். "அப்ப கேட்டவையில கனபேர் அங்கயே செத்திருப்பினம்" என்றார்.

ஆம். அதுவரை அந்த வாக்கை எங்களுடைய அடுத்த வருடத்துக்கான வாக்கு மாதிரியே வாசித்துவந்தோம். கேட்டவர்களில் பெரும்பாலானோர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அது பொய்யான வாக்கு இல்லை. அதே கடிதத்தில் ஆண்டவர் அவர்களுக்குச் சொன்ன வேலைகளைப் பாருங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து கொடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். முகாமில் பத்து வருடம் வாழ்ந்த அம்மாவுக்கு அந்தப் பகுதி விளக்கம் இல்லாமலே விளங்கியது. கொட்டில் வாசலில் கத்தரிக் கன்று வைத்துப் பிஞ்சு பறித்த கதையைச் சொன்னார். நோய் முடிந்த பிறகு வாழலாம் என்று காத்திருக்காமல் நோய்க்குள்ளேயே வாழத் தொடங்கியது எங்களுக்கு அதற்குப் பிறகுதான். இவர் எஞ்சின் தூக்குவதை விட்டுவிட்டு இரண்டு பையன்களை வைத்து வேலை பழக்குகிறார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கதிரையில் இருந்தபடியே சொல்லிக்கொடுக்கிறார்.

மெதடிஸ்தர்களுக்கு வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை இருக்கிறது. மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த வழக்கம். நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதன் நடுவில் வரும். எதைச் செய்யவோ எதைச் சகிக்கவோ என்னை நியமியும், உமக்காக என்னைப் பயன்படுத்தும் அல்லது உமக்காக என்னை ஒதுக்கி வையும் என்பது அதன் கருத்து. சிறுவயதிலிருந்து வாய்ப்பாடமாகச் சொன்னது. நோய் வந்த பின் வந்த முதல் உடன்படிக்கை ஆராதனையில், அந்த "ஒதுக்கி வையும்" என்ற இடம் வந்ததும் இவர் குரல் நின்றுவிட்டது. நானும் சொல்லாமல் நின்றேன். எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவர்களின் குரல் எங்களுக்கும் சேர்த்து அதைச் சொல்லி முடித்தது. ஒருவர் தன் வாயால் சொல்ல முடியாததைச் சபை அவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு நோயாளிகளை முடிந்தவரை அழைத்து வாருங்கள் என்று நான் எல்லாரிடமும் கேட்பது அதனால்தான். பாட வேண்டாம், நிற்கவும் வேண்டாம், வந்து இருந்தால் போதும்.

போதகர் ஐயா பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது எங்கள் மிஷன் தொடங்கிய கதையைச் சொன்னார். 1813 கடைசியில் இலங்கைக்குப் புறப்பட்ட முதல் மெதடிஸ்த மிஷனரிக் குழுவின் தலைவர் தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்துபோனார். 1814இல் காலியில் வந்து இறங்கியது தலைவரை இழந்த இளைஞர்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மனைவியையும் அதே பயணத்தில் இழந்தவர். தனியாக மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம்கூட ஆகுமுன் 1815இல் அங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பாடசாலை இன்றைக்கும் மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நடக்கிறது. இந்தப் பலனுக்காகத்தான் அவர் இறந்தார் என்று ஐயா சொல்லவில்லை. அதைச் சொல்லாததுதான் எனக்குப் பிடித்தது. "அவருக்கு இதில ஒண்டும் தெரியாது தங்கச்சி. தெரியாமலேதான் அந்த எட்டு மாதமும் படிப்பிச்சவர்" என்று மட்டும் சொன்னார்.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில காரியங்கள். இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவராதீர்கள், இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். காமரங்காய் (நட்சத்திரப் பழம்) வேண்டவே வேண்டாம், சிறுநீரக நோயாளிக்கு அது மூளையைத் தாக்குகிற நஞ்சு. கருவாடும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு இருக்கிறது, டொக்டர் சொல்கிற அளவுதான். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த அளவோடு இருப்பது பெரிய பாடு. ஒரு சிறிய ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொள்வதும், போத்தலை விட்டுச் சின்னக் கோப்பையில் குடிப்பதும் இவருக்கு உதவின. மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கிறேன்.

"ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை நான் ரியூஷனுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டால் ஓம் என்று சொல்வது சுலபம். சபைப் பெண்கள் டயாலிசிஸ் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை உப்புக் குறைத்து, முறை வைத்துச் சமைத்துத் தந்தார்கள். பெட்ரோல் பங்கீட்டில் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் கிடைத்த காலத்தில், எங்கள் ஒழுங்கையிலிருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் வேறு ஓட்டம் ஓடாமல் எங்களுடைய ஆஸ்பத்திரி நாளுக்கென்று எண்ணெயை மிச்சம் வைத்திருந்தார். காசு கொடுக்கப் போனால் பிறகு பார்ப்போம் என்பார். நோய் ஏன் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஓட்டோ ஏன் வாசலில் நின்றது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், ஆண்டவர் நல்லவர். "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை" என்று எருசலேம் எரிந்த பிறகு எழுதிய புலம்பல் புத்தகம் சொல்கிறது. அதை நான் நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் மகளுக்கு, அப்பா சீக்கிரம் சுகமாகிவிடுவார் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஜெபம் கேட்கப்படவில்லையா என்று அவள் கேட்டபோது, கேட்கிறார், இன்னும் சுகம் தரவில்லை, இரண்டும் உண்மை என்று இவரே சொன்னார். தானியேலின் தோழர்கள் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் வேறு தேவனை வணங்கமாட்டோம் என்று சொன்னதை அவளே ஓய்வுநாள் பாடசாலையில் நடித்தவள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது இவருடைய தம்பி ஒரு சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார். இரத்த வகை பொருந்துகிறது. திசுப் பொருத்தமும் மற்றப் பரிசோதனைகளும் இருக்கின்றன. பொருந்த வேண்டும் என்று மகள் இரவில் ஜெபிக்கிறாள், நாங்கள் முழு மனதோடு ஆமென் சொல்கிறோம். திங்கட்கிழமை கண்டிக்குப் போகிறோம். முதல்நாள் டயாலிசிஸை முடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், நானா ஓட்டோவில் பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விடுவார்.